மாடியில் படிக்கிற பிள்ளை

மிசிசாகா
10-03-1987

அன்புள்ள ரஞ்சிதம்,

கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசத்தில் உனக்கு நான் தபாலில் எழுதுகிற முதல் கடிதம் இது. டெலிபோன் எடுத்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். இதையும் கிழித்துப்போடுவாயோ தெரியாது. கிழிக்கிறதென்றால் வாசித்துவிட்டுக் கிழி.

நான் சச்சிதானந்தன் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறேன். ஏர்போர்ட் வேலைக்கு இங்கிருந்து கிட்ட. அவன் மனைவி தேத்தண்ணி தந்தால் கோப்பையைத் தனியாகக் கழுவி வைக்கிறேன். சாவுத் தீட்டு, துடக்குக்காரன் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாங்கம் நம் வீட்டுக் கதிரையில் இருந்து சொன்னதை நீயும்தான் கேட்டாய். மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு வந்து இரண்டு கிழமைகூட ஆகாத பெடியன். நம்மைத் தேடி விசாரித்து, பனிக்குள் சப்பாத்து நனைய நனைய வந்தான். விசா மெடிக்கலுக்காகக் கொழும்புக்கு வெளிக்கிட்டுக் காணாமல் போன நம் மகன் தயாபரனின் பஸ்ஸில்தான் அவனும் இருந்தான். வழியில் ஆமிக்காரர் மறித்து நாலு பேரை இறக்கினார்கள். அதில் தான் ஒருவன்தான் உயிரோடு வெளியே வந்தவன் என்று சொன்னான். மற்ற மூன்று பேரும் அந்தக் கிழமையே முடிந்துவிட்டார்கள், தன் கண்ணுக்கு முன்னால், என்று சொன்னான். தயாவின் சேட்டில் நீ தைத்துக் கொடுத்த மாறின நிறப் பொத்தானைக்கூடச் சொன்னான்.

நீ எழும்பிக் குசினிக்குள் போய் அவனுக்குச் சோறு போட்டாய். மீன் தலையைத் தெரிந்து எடுத்து வைத்தாய். அவன் கை கழுவி முடிந்ததும், "நீங்க ஆளை மாறிக் கதைக்கிறீங்க தம்பி. எங்கட மகன் வேற" என்று சொல்லிக் கதவைத் திறந்து விட்டாய். அந்தப் பெடியன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

ரஞ்சிதம், நான் அவனை நம்புகிறேன். நம்பினபடியால் துடக்குக் காக்கிறேன். இவ்வளவு காலம் போன சாவுக்கு மூன்று நாள் காணும் என்று ஐயர் சொன்னார். முழுதாக முப்பத்தொரு நாளும் காக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நம் வழக்கப்படி கடைசியில் தயாவின் பெயரில் நாலு பேருக்குச் சோறு போட்டு அமுது கொடுக்க வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் அது பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

சனிக்கிழமை நம் "நட்சத்திர விருந்து" டிவி நிகழ்ச்சியின் படப்பிடிப்புக்கு நான் வரமாட்டேன். ஸ்டூடியோவில் அந்த வீடு ஒட்டுப்பலகையில் அடித்து நிறுத்தின மூன்று சுவர்தான், எனக்குத் தெரியும். ஆனால் கேபிள் டிவியில் பார்க்கிற சனத்துக்கு அது பாக்கியராசாவும் மனோரஞ்சிதமும் இருக்கிற வீடு. அந்தக் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று பாட்டுக்காரரையும் பகிடிக்காரரையும் சிரித்துக்கொண்டு கூப்பிட என்னால் முடியாது. துடக்கு வீட்டில் விருந்து நடக்காது.

உன்,
பாக்கியராசா


வோபர்ன்
14-03-1987

திருவாளர் பாக்கியராசா அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் கோபமாக இருக்கிறேன் என்று நினைப்பீர்கள். நான் கோபமாக இல்லை.

இப்போதுதான் படப்பிடிப்பு முடிந்து வந்து சீலைகூட மாற்றாமல் எழுதுகிறேன். விருந்து நல்லாகவே நடந்தது. கதவு மணி அடித்தது, நான் திறந்தேன், பைலா பாட்டுக்காரி கிளடிஸ் இரவல் வாங்கின கம்பளிக் கோட்டோடு நின்றாள். "எங்க உங்கட அவர்?" என்று கேட்டாள். மொன்றியலுக்கு வேலை அலுவலாகப் போயிருக்கிறார் என்று சொன்னேன். அவள் பாடினாள், அமிர்தநாதர் ஆர்மோனியம் வாசித்தார், நான் சுட்டுக்கொண்டு போன வடையை எல்லாரும் உண்மையாகவே சாப்பிட்டார்கள். புரொடியூசர் இராஜரட்ணம் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையைக் கையைப் பிசைந்தார். முடிந்ததும் வந்து, "அக்கா, வீட்டுக்காரன் இல்லாத வீட்டில பார்ட்டி வைச்சா சனம் ஒரு மாதிரிக் கதைக்கும்" என்று சொன்னார். கதைக்கட்டும். இலங்கை வானொலி நாடகத்தில் பதினைந்து வருசம் பேர் பெற்றவள் நான். நீங்கள் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து, கோட் பொருந்தினபடியால் டிவிக்கு வந்த ஆள். நீங்கள் இல்லாமல் விருந்து நின்றுவிடாது.

நான் ஏன் இந்த விருந்தை விடாமல் நடத்துகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி எழுதுகிறீர்கள். இந்த நிகழ்ச்சியின் வீடியோ கொப்பி லண்டனுக்குப் போகிறது, பாரிசுக்குப் போகிறது, மதராசுக்குப் போகிறது. அவன் எங்கேயோ ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்திருப்பான். யாரோ ஒருவன் ஒரு கொப்பியைப் போடுவான். அம்மா கதவைத் திறப்பாள். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் கமராவைப் பார்த்து நம் தெருவையும் டெலிபோன் நம்பரையும் சொல்லி, "வழி தெரியாட்டி அடிச்சுக் கேளுங்க" என்று சொல்கிறேன். சனம் அதைப் பகிடி என்று சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

துடக்கு வீட்டில் விருந்து நடக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்! விருந்து நடக்கிற வீட்டில் துடக்கு இல்லை.

மாமாங்கம் நல்ல பெடியன். அடிபட்டு வந்த பிள்ளை. அடிபட்ட மூளை எதையும் எதோடும் சேர்க்கும். தைத்த பொத்தான் உலகத்தில் ஒரு சேட்டில்தானா இருக்கிறது?

மீசையில் மட்டும் கை வைக்க வேண்டாம். மீசையை எடுத்துக்கொண்டு என் முகத்தில் முழிக்கவும் வேண்டாம்.

ம. பாக்கியராசா


மிசிசாகா
23-03-1987

அன்புள்ள ரஞ்சிதம்,

மீசையை எடுத்துவிட்டேன். உனக்கு மறைத்து என்ன பயன்.

ஏரிக்கரைக்கு ஐயரும் சச்சிதானந்தனும் மாமாங்கமும் வந்தார்கள். உடம்பு இல்லாத பிள்ளைக்குத் தர்ப்பையில் ஒரு உருவம் செய்தோம். கரையில் இன்னும் ஐஸ் கட்டியிருந்தது. சச்சி காலால் உடைத்து ஒரு இடம் செய்து தந்தான். அந்தத் தண்ணீரில் கையை வைத்தபோது எனக்கு அவனைக் குளிப்பாட்டின நாள்கள்தான் நினைவு வந்தது. தண்ணி குளிர்ந்தால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டான். இங்கே விட்டுவிட்டு வந்தேன் ரஞ்சிதம். ஐயர் மந்திரம் சொல்லும்போது தாயின் பெயர் கேட்டார். மனோரஞ்சிதம் என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரைக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது மாமாங்கம் காருக்குள் ஒரு கதை சொன்னான். கடைசி நாள்களில் தயா, "எங்கட அம்மா ரேடியோவில கதைக்கிறவ" என்று சொல்லி, உன் நாடக வசனம் எல்லாம் பெண் குரலில் சொல்லிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்கப் பண்ணினானாம். மாமாங்கம் ஆளை மாறிக் கதைக்கவில்லை. உன் குரலை அப்படிச் செய்து காட்ட ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?

இதை எழுதலாமா விடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். அழு. அழுதால் போதும், வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

பாக்கியராசா


வோபர்ன்
05-04-1987

இஞ்சாருங்க,

அழவில்லை. அவன் கெட்டிக்காரன், என் குரல் நல்லாகச் செய்வான். அதற்கு இப்போது என்ன?

ஒரு அலுவலாக எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை சித்திரை வருசப் பிறப்பு விசேச விருந்து. லண்டனிலிருந்து தவமணி அக்கா வருகிறா. என்னோடு வானொலியில் மாமியார் வேசம் கட்டினவ, நினைவிருக்கும். இராஜரட்ணம் புதிதாக ஒரு மாடிப்படியும் அடித்து வைத்திருக்கிறார். பணக்கார வீடு மாதிரி இருக்க வேண்டுமாம். மூன்று படி ஏறினால் கறுப்புத் துணி. ஆனால் கமராவில் பார்த்தால் மேலே நாலு அறை இருக்கும் போல்தான்.

நீங்கள் வர வேண்டும். உங்கள் முப்பத்தொரு நாளும் அதற்குள் முடிகிறது, கணக்குப் பார்த்தேன். மூன்று முறை மொன்றியலுக்கு அனுப்பியாகிவிட்டது. இனியும் அனுப்பினால், "புருசன் விட்டிட்டுப் போட்டான்" என்று சனம் முடிவு கட்டிவிடும். கடைக்குப் போன இடத்தில் ஒரு மனிசி என் கையைப் பிடித்து, "கவலைப்படாதேங்கோ" என்றாள். என் புருசன் என்னை விட்டுப் போகவில்லை என்று அவளுக்குச் சொல்ல வாய் வந்தது. சரியாகத் தெரியாதபடியால் சொல்லவில்லை.

அமிர்தநாதரின் நாடகப் பெட்டியில் ஒட்டு மீசை இருக்கிறது. இரண்டைக் காட்டினார். ஒன்று அரசன் மீசை, உங்களுக்கு ஒத்து வராது. மற்றது கிளாக்கர் மீசை. அதை எடுத்து வைத்திருக்கிறேன். நானே ஒட்டி விடுகிறேன், பசை கொஞ்சம் கடிக்கும்.

சாவு நடந்த வீடு அந்த வருசம் வருசப் பிறப்புக் கொண்டாடாது என்று எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கொண்டாடுகிறேன்.

ரஞ்சிதம்


மிசிசாகா
13-04-1987

ரஞ்சிதம்,

வந்தேன். நீ தனியாக அந்தக் கதவடியில் நிற்கிறதை நினைத்து வந்தேன். வந்திருக்கக் கூடாது.

மேக்கப் அறையில் நீ எனக்கு மீசை ஒட்ட வந்தாய். உதட்டுக்கு மேல் வெறுமையாக இருந்த இடத்தை ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டு நின்றாய். அழப்போகிறாய் என்று நினைத்து உன் கையைப் பிடித்தேன். நீ, "அசையாதீங்க, கோணிப்போகும்" என்று சொல்லிவிட்டு ஒட்டினாய்.

தவமணி அக்காவிலும் பிழை இல்லை. அவவுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து வடையைக் கடித்துக்கொண்டு, எழுதிக் கொடுத்ததில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டா. "ரஞ்சிதம், உனக்கொரு பெடியன் இருந்தவன் எல்லே, எங்க அவன்?"

நான் உன்னைப் பார்த்தேன். இராஜரட்ணம் நிறுத்துவார் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "மேல படிக்கிறான் அக்கா, சோதினை வருது" என்றாய். அதோடு விட்டாயா? படியடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்து, "தயா! தவமணி மாமி வந்திருக்கா, இறங்கி வா மனே!" என்று கூப்பிட்டாய். காது கொடுத்துக் கேட்டாய். பிறகு திரும்பி, "வெக்கப்படுறான்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். மீசையோடு நானும் சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் ரஞ்சிதம், நானும்!

தண்ணீரில் விட்டுவிட்டு வந்த பிள்ளையை நீ மாடியிலிருந்து கூப்பிடுகிறாய். நான் வெளியே வந்து கார்ப்பார்க்கில் மீசையைப் பிய்த்து எறிந்தேன். தோலும் சேர்ந்து வந்தது. அமிர்தநாதரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இனி என்னால் அந்த வீட்டுக்கு வர முடியாது. ஒட்டுப்பலகை வீட்டுக்கும் வர முடியாது, வோபர்ன் வீட்டுக்கும் வர முடியாது. நீ எப்போது அழுகிறாயோ அப்போது சொல்லி அனுப்பு.

பாக்கியராசா


வோபர்ன்
21-06-1987

இவங்களுக்கு,

இரண்டு மாதம் உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். இன்றைக்கு இங்கே தகப்பன்மாரின் தினமாம். கீழ்வீட்டுப் பிள்ளைகள் தகப்பனுக்கு டை வாங்கி வந்தார்கள். அதனால் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

மாடியில் படிக்கிற பிள்ளை பேர் எடுத்துவிட்டான், தெரியுமா? ஸ்டூடியோவுக்குக் கடிதம் கடிதமாக வருகிறது. "உங்கள் வெட்கக்கார மகனை எப்போது காட்டுவீர்கள்?" ஒரு தாய் தன் மகளின் சாதகமும் அனுப்பியிருக்கிறா. ஒவ்வொரு விருந்திலும் ஒரு பிளேட்டில் வடையும் கேசரியும் எடுத்து மேல் படியில் வைக்கிறேன். முடியும்போது பார்த்தால் பிளேட் வெறுமையாக இருக்கும். லைட் பிடிக்கிறவர்கள்தான் தின்கிறார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் வெறும் பிளேட்டைக் கையில் எடுக்கும்போது வயிறு நிறைகிறது.

நீங்கள் அதைப் பொய் என்கிறீர்கள். நான் பதினைந்து வருசம் மைக்குக்கு முன்னால் நின்று இல்லாத மழையில் நனைந்தவள். இல்லாத பிள்ளையைத் தாலாட்டினவள். பொய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று அமிர்தநாதர் ஒரு வேலை செய்தார். என்னைச் சந்தோசப்படுத்த என்று நினைத்துத்தான் செய்தார், பாவம் மனுசன். நான் படியடியில் நின்று "தயா, சாப்பிட்டியா மனே?" என்று கூப்பிட, துணிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு காலடி வைத்து, ஒரு புத்தகத்தைக் கீழே போட்டார். மேலே யாரோ நடக்கிற மாதிரியே கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் ஏறி ஓடினேன். கமரா, விருந்தாளி, ஒன்றும் நினைவில்லை. துணியை விலக்கினேன். வயரும் ஒரு ஏணியும், கையில் புத்தகத்தோடு அமிர்தநாதரும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ பிள்ளை" என்று சொன்னார். நான் இறங்கி வந்து, "எழும்பி வரமாட்டானாம்" என்று சொல்லி விருந்தை முடித்தேன்.

அழவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்ல வேறு ஆள் எனக்கு இல்லை.

ரஞ்சிதம்


மிசிசாகா
09-08-1987

என் ரஞ்சிதம்,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, எழுத வரவில்லை.

உன்னோடு வந்து இருக்க ஆசை. அதை மறைக்கவில்லை. காலையில் நீ குசினிக்குள் வானொலிக் குரலில் விலாசம் சொல்லிப் பழகுகிறதைக் கேட்காமல் எழும்புகிறது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை வோபர்ன் பஸ்ஸில் ஏறி, நம் தெருவுக்கு முன் தரிப்பில் இறங்கித் திரும்பி வந்தேன். உள்ளே வந்தால் நீ "மகனிட்ட இருந்து ஏதும் வந்ததா?" என்று கேட்பாய். நான் என்ன சொல்வேன்? உனக்காக, அவன் இல்லை என்று சொல்லாமல் இருந்தால் பிள்ளையை நான் இரண்டாம் தரம் விட்டுவிட்டு வந்த மாதிரி. சொன்னால் உன்னை விட்டுவிட்டு வந்த மாதிரி.

ஊரில் பாதை திறந்திருக்காம். சனம் கொழும்புக்குப் போய் வருகிறதாம். உன் தங்கச்சி கோணேஸ்வரியிடம் இருந்து இனித் தகவல் வரும்.

டிவியில் உன்னைப் பார்க்கிறேன். மெலிந்துவிட்டாய். கமரா மெலிவாகக் காட்டாது என்று சச்சி சொல்கிறான். அப்படியென்றால் நேரில் எப்படி இருக்கிறாயோ.

பாக்கியராசா


வோபர்ன்
20-09-1987

இஞ்சாருங்க,

நான் ஒரு பெரிய பிழைக்குள் அகப்பட்டுவிட்டேன். என்ன செய்கிறதென்று தெரியவில்லை.

கோணேஸ்வரி கொழும்புக்கு வந்து டெலிபோன் எடுத்தாள். எடுத்ததும் ஒரே சிரிப்பும் அழுகையும். "அக்கா, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாம விட்டிட்டியே! தயா கனடாவுக்கு வந்திட்டான் எண்டு கொப்பியப் பார்த்துத்தானே எங்களுக்குத் தெரியும்!" என்றாள். வருசப் பிறப்பு விருந்தின் கொப்பி எப்படியோ ஊருக்குப் போயிருக்கிறது. ஜெனரேட்டர் வைத்து, முற்றத்தில் தெருச்சனம் எல்லாம் இருந்து பார்த்திருக்கிறது. நீங்கள் கோட்டோடும் மீசையோடும் நிற்கிறீர்கள். நான் தலையில் பூ வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்து மகனைக் கூப்பிடுகிறேன். காணாமல் போன பிள்ளையின் தாயும் தகப்பனும் வருசப் பிறப்புக்கு வீட்டில் விருந்து வைப்பார்களா? ஊர்ச்சனம் சரியாகத்தான் யோசித்தது. பிள்ளை வந்துவிட்டான், அதுதான் விருந்து.

அதைவிட மற்றது. அந்த முற்றத்தில் தெய்வநாயகி அக்காவும் இருந்தாவாம். நினைவிருக்கிறதா, வாழைச்சேனைப் பக்கம், புருசன் இல்லாதவ. அவவின் மகன் குகனையும் அந்த பஸ்ஸில்தான் இறக்கினார்கள். அவ எவ்வளவோ நாள் பொறுத்திருந்துவிட்டு, இனி இல்லை என்று மனதைத் தேற்றி, மகன் பெயரில் அமுது கொடுக்க நாள் குறித்திருந்தாவாம். கொப்பியைப் பார்த்த அன்றைக்கே நிற்பாட்டிவிட்டா. "ரெண்டு பேரையும் ஒண்டாத்தானே இறக்கினவங்க. ரஞ்சிதத்திட மகன் தப்பினா என்ட மகனும் தப்பியிருப்பான்" என்று சொல்லி, அவனுடைய சேட்டெல்லாம் தோய்த்து மடித்து வைத்திருக்கிறாவாம். கொஞ்சம் கூடுதலாகச் சோறு போட்டு மூடி வைக்கிறாவாம். அக்கம்பக்கம் எல்லாம் என் பெயரைச் சொல்லி, கடவுள் மாதிரி என்னைக் கும்பிடுகிறாவாம்.

நான் கோணேஸ்வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நிமிசம் முடிந்து லைன் அறுந்தது.

மாமாங்கம் சொன்ன மூன்று பேரில் குகனும் ஒருவன். அன்றைக்கு அவன் அந்தப் பெயரைச் சொன்னது என் காதில் விழுந்தது. மீன் தலையைத் தெரிந்து எடுத்துக்கொண்டு நின்றபோது எல்லாம் விழுந்தது.

நான் எனக்காக ஒரு விளக்கைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதில் இன்னொருத்தி வீடு எரியும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்? வேண்டுமென்றால் நீங்களே அவவுக்குச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத்தான் அந்தச் சொல் வாயில் வரும்.

ரஞ்சிதம்


மிசிசாகா
23-09-1987

என் ரஞ்சிதம்,

நான் சொல்லலாம். ஆனால் அவ நம்பமாட்டா. மீசையோடு நின்று சிரித்த ஆள் நான். உன் வாயால் வந்த நம்பிக்கையை உன் வாயால்தான் எடுக்க முடியும்.

கோணேஸ்வரியின் வீட்டுக்குப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் இப்போது டெலிபோன் திரும்பவும் வேலை செய்கிறதாம். சச்சி நம்பர் எடுத்துத் தந்தான், இதோடு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் உனக்கு லைன் பதிவு செய்திருக்கிறேன். அங்கே பின்னேரமாக இருக்கும். தெய்வநாயகி அக்காவைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லித் தந்தியும் அடித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் இன்னும் ஒரு கிழமை தள்ளியிருப்பாய். அவ இன்னும் ஒரு கிழமை சேட்டை மடித்திருப்பா.

பேச முடியவில்லை என்றால் லைன் வரும்போது எடுக்காமல் விடு. நான் உன்னைக் கோபிக்கமாட்டேன். இந்த உலகத்தில் உன்னைக் கோபிக்க எனக்கு இனிப் பலம் இல்லை. நான் வந்து பக்கத்தில் நிற்கட்டுமா என்று கேட்கிறேன். வா என்று சொன்னால் வருகிறேன்.

பாக்கியராசா


வோபர்ன்
26-09-1987, சனிக்கிழமை

என்னங்க,

இதை இராஜரட்ணம் கொண்டுவந்து தருவார். படப்பிடிப்புக்கு என்னைக் கூட்டிப் போக வந்தவர், வாசலில் நிற்கிறார். இன்றைக்கு விருந்து இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். டெலிபோனில் உங்களுக்குச் சொல்ல முயன்றேன். நம்பரைச் சுழற்றினேன், குரல் வரவில்லை. பதினைந்து வருசத்தில் குரல் வராமல் நின்றது இன்றைக்குத்தான்.

லைன் வரும் என்று தெரிந்தும் காலையில் எழும்பி விருந்துக்கு வடை சுட்டுக்கொண்டு நின்றேன். கை பழகின வேலையைச் செய்துகொண்டு நின்றது. மணி அடித்தது. எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"ரஞ்சிதம் தங்கச்சியா?" என்று கேட்டா தெய்வநாயகி அக்கா. மூச்சு வாங்கினது, ஓடி வந்திருக்கிறா. "தம்பி தயா நல்லா இருக்கிறானா? குகனப் பற்றி ஏதும் சொன்னவனா? என்ட புள்ள எந்த ஊரில நிக்கிறானாம்?"

நான் வானொலியில் எத்தனை சாவுச் செய்தி சொல்லி அழுதிருப்பேன். ஒரு வசனமும் வரவில்லை. "அக்கா, அது வீடு இல்ல. நாடகத்துக்கு அடிச்ச பலகை. மேல ஒருத்தரும் இல்ல அக்கா" என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. "அப்ப தம்பி எங்க?" என்று கேட்டா.

"என்ட மகன் செத்துப்போனான் அக்கா" என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். "குகனும் தயாவும் ஒண்டாத்தான் போனவங்க. கூட இருந்து பார்த்த பெடியன் என்ட வீட்டில வந்து சொன்னவன். நான்தான் கேக்காத மாதிரி இருந்தனான்."

அந்தப் பக்கத்தில் கடைச்சத்தம் கேட்டது. யாரோ சீனி கேட்டார்கள். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். நான் அழுதுகொண்டு இருந்தேன். ஓம், அழுதேன். நீங்கள் ஆறு மாதமாகக் கேட்டது. அவ அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. ஏசினால் எவ்வளவோ நல்லாக இருந்திருக்கும்.

கடைசியில் மெதுவாகக் கேட்டா. "தங்கச்சி, நான் உலை வைச்சிட்டு ஓடி வந்தன். அவனுக்கும் சேர்த்து ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டிருக்கன். இப்ப போய் அடுப்ப அணைக்கட்டா?"

நான் "ஓம் அக்கா" என்றேன்.

ரிசீவரை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். எண்ணெய் புகைந்துகொண்டு கிடந்தது. என் அடுப்பையும் அணைத்தேன்.

சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அயல்வீட்டார்தான் சோறு கொண்டு வருவார்கள். இங்கே எனக்கு அயல் என்று யார் இருக்கிறார்கள்? உங்கள் துடக்கு சித்திரைக்கு முதலே கழிந்துவிட்டது. எனக்கு இன்றைக்குத்தான் தொடங்குகிறது.

நீங்கள் சோறு கொண்டு வாருங்கள்.

ரஞ்சிதம்